புதைபடிவத்தோடு பாறை அடுக்கின் குறிப்பும் வேண்டும்

அரியலூர் மாவட்டச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை மேற்பார்வையிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிமெண்ட் ஆலைகளுக்காக வெட்டப்படும் பாறையில் அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடுடைய கடலுயிரி), சிப்பி, நத்தை ஆகியவற்றின் புதைபடிவங்கள் கிடைப்பதும், வாரணவாசி அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரப் படிவங்கள் காட்சிக்கு இருப்பதும் தாங்கள் அறிந்ததே. நல்ல படிவங்களைப் பொறுக்கி வைப்பது மட்டும் போதாது என்பதைத் தெரிவிக்கவே இம்மடல்.

உயிரினங்கள் எந்த வேகத்தில் தோன்றின, எந்த வேகத்தில் அழிந்தன என்று கணிக்கும் இன்றைய கணித மாதிரிகளில் மூன்றாவதாக ஒரு வீதமும் உண்டு: வாழ்ந்த இனம் படிவமாகி நம் கைக்கு வந்துசேரும் வீதம். 2014-இல் ஹீத், ஹியூல்சன்பெக், ஸ்டாட்லர் ஆகியோர் வெளியிட்ட முறை இம்மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்கிறது. ஓர் இனத்தின் முதல் படிவம் அது தோன்றியதற்குப் பிந்தியதாகவும் கடைசிப் படிவம் அது அழிந்ததற்கு முந்தியதாகவுமே பெரும்பாலும் இருக்கும் என்பதால், மூன்றாவது வீதத்தைக் கணக்கில் கொள்ளாமல் மற்ற இரண்டையும் நம்ப இயலாது. அதற்கு எந்த அடுக்கில் எத்தனை கிடைத்தன, எந்த அடுக்கில் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்ற குறிப்புகள் வேண்டும்.

ஸ்பெயினின் சுமாயா கடற்கரையில் தொல்லுயிரியலாளர் பீட்டர் வார்ட் தேடியபோது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த காலத்துப் பேரழிவைக் குறிக்கும் அடுக்கெல்லைக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கீழேயே அம்மோனைட்டுகள் நின்றுபோனதாகத் தோன்றியது. விண்கல் விழுவதற்கு வெகுமுன்பே அவை மறைந்துவிட்டன என்று கருத அது இடம் தந்தது. பின்னர் அதே பிஸ்கே விரிகுடாவை ஒட்டிய வேறு பாறைமுகங்களில் தேடியபோது, எல்லையை நெருங்கிய அடுக்குகளிலும் அவை கிடைத்தன. அந்தப் பாறைகள் நிற்கின்றன. மீண்டும் போய்த் தேடலாம். வெடிவைத்துத் தகர்த்துச் சூளைக்கு அனுப்பிய பாறையில் மறுதேடல் கிடையாது.

1850-களின் இறுதியில் புவியியலாளர் பிளான்ஃபோர்டு ஆய்வு செய்த இவ்வட்டாரப் பாறைகள், இடையிடையே விடுபட்டாலும், பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தொடங்கி அந்தப் பேரழிவையும் கடந்து நீள்கின்றன. இந்தியாவில் இத்தகைய கடற்படிவுத் தொடர் அரிது.

ஆகவே, புதிய பாறைமுகம் திறக்கும்போதெல்லாம் வெடிவைக்கும் முன் ஒரு தொல்லுயிரியலாளர் அடுக்கடுக்காகப் பதிவுசெய்ய அவகாசம் தருவதைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டுகிறேன். உடைந்த சிப்பித் துண்டையும், இலைநரம்பு போலக் கிளைத்த தையல்கோடு (ஓட்டின் உள்ளறைச் சுவர் ஓட்டோடு சேரும் கோடு) தெரியும் அம்மோனைட் சில்லையும் கழிவாக ஒதுக்காமல், எடுத்த உயரத்தோடு குறித்து வைக்கவேண்டும். அந்தக் கோடு பேரினத்தை அடையாளம் காணப் பெரிதும் உதவும். பதிவேடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்குத் தடையின்றிக் கிடைக்கவும் ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
தொல்லுயிரியலில் ஈடுபாடுள்ள ஒருவர்