கருந்துளை எதையும் உறிஞ்சுவதில்லை: விண்வெளி வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளி பற்றித் தமிழில் வீடியோ போடும் நண்பர்களுக்கு, வணக்கம்.

எட்டு அங்குலத் தொலைநோக்கியை இருட்டான இடத்தில் நிறுத்தி, வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டுகிற ஆள் நான். பத்து வயதுப் பிள்ளைகூட "நெபுலா காட்டுங்க" என்று கேட்டு வருகிறது என்றால் அது உங்கள் புண்ணியம், மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் அதே பிள்ளை கேட்கிறதே, "இவ்வளவுதானா? கலர் எங்கே?" என்று, அதற்கும் நீங்கள்தான் காரணம். ஒளிகூடத் தப்ப முடியாத கருந்துளை சுற்றியிருப்பதையெல்லாம் உறிஞ்சி விழுங்கிவிடும் என்கிறீர்களே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அது பார்த்தது ஓரியன் நெபுலா, அதாவது விண்வெளியில் பரந்து கிடக்கும் ஒரு வாயு, தூசி மேகம். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அந்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. நடுவே நெருக்கமாக நான்கு விண்மீன்கள். நேராக முறைக்காமல் பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால், இரண்டு பக்கமும் இறக்கை விரிவது தெரியும். மங்கலான வெளிச்சத்தில் நிறம் அறியும் கூம்பு செல்கள் கைவிட்டுவிடுகின்றன. விழித்திரையின் ஓரத்தில் நிறைந்திருக்கும் கோல் செல்களுக்குத் தெரிவது கறுப்பு வெள்ளை மட்டும்தான்.

அப்படியானால் உங்கள் வீடியோவில் வரும் வண்ணங்கள் பொய்யா? இல்லை. 1995இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, தூண்கள் போல நிற்கும் வாயு மேகங்களின் அந்தப் புகழ்பெற்ற படத்தையே எடுத்துக்கொள்வோம். ஹைட்ரஜனும் கந்தகமும் உமிழும் ஒளி இரண்டுமே சிவப்பு. உள்ளபடியே காட்டினால் எது எதுவென்று பிரித்தறிய முடியாது. அதனால் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வரைபடத்தில் மாவட்டத்துக்கு ஒரு வண்ணம் அடிப்பது போலத்தான். படத்தோடு வரும் விளக்கத்தில் இது இருக்கும். நீங்கள் படத்தை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிடுகிறீர்கள், அதுதான் என் வருத்தம். 2019இல் வெளியான, எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு நிறமும் இதே கதைதான். அது ரேடியோ அலைகளில் எடுத்தது, நிறம் நாம் கொடுத்தது.

அப்புறம் அந்த விண்கலக் காட்சி. புகைமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு நெபுலாவுக்குள் பறக்கிறதே! ஓரியன் நெபுலாவின் அடர்த்தியான மையத்திலேயே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 துகள்கள்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் அதே இடத்தில் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. பூமியில் நாம் உருவாக்கும் நல்ல வெற்றிடங்களோடு போட்டி போடும் வெறுமை அது. பக்கத்தில் போனால் பளிச்சென்று தெரியும் என்பதும் தப்பு. கூடுதலாக வரும் ஒளி அதற்கேற்பப் பெரிதான பரப்பில் பரவிவிடுவதால், நெபுலா பெரிதாகத் தெரியுமே தவிர பிரகாசம் கூடாது. உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கும் மங்கலான வானம்தான்.

கோள் நெபுலாவுக்கும் கோள்களுக்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் கோள் போல வட்டமாகத் தெரிந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. சாகும் தறுவாயில் விண்மீன் உதறிவிடும் வாயு, அவ்வளவுதான். நம் சூரியனும் இன்னும் 500 கோடி ஆண்டுகளில் அந்த வழியாகத்தான் போய், பூமி அளவே உள்ள வெண்குறுமீனாகச் சுருங்கும். வெடிக்காது, கருந்துளையும் ஆகாது. வெடிப்பதற்கே சூரியனைப் போல எட்டு மடங்கு நிறையாவது வேண்டும்.

2019 கடைசியில் திருவாதிரை விண்மீன் மங்கியபோது "இன்று இரவே வெடிக்கலாம்" என்று எத்தனை தலைப்புகள்! அது கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. சில மாதத்தில் பழையபடி ஒளிர்ந்தது. அது வெடிக்க இன்னும் ஒரு லட்சம் ஆண்டு ஆகலாம். வெடித்தாலும் 500 ஒளியாண்டுக்கு மேல் தள்ளியிருப்பதால் நமக்கு வேடிக்கை மட்டும்தான். "நீங்கள் பார்ப்பவை செத்துப்போன விண்மீன்கள்" என்ற வசனத்தையும் தயவுசெய்து நிறுத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரிபவை கிட்டத்தட்ட எல்லாமே சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருக்கின்றன. அவற்றின் ஆயுளோ குறைந்தது பல பத்து லட்சம் ஆண்டுகள். மூன்று நாளைக்கு முன் போட்ட கடிதம் இன்று வந்தால், எழுதியவர் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார் என்று ஒப்பாரி வைப்போமா?

சரி, தலைப்புக்கு வருகிறேன். 'துளை' என்ற சொல்லும் கொஞ்சம் காலை வாருகிறது. கேட்டதும் வடிகால் ஓட்டைதான் ஞாபகம் வருகிறது. இப்போதே சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையுள்ள, 3 கிலோமீட்டர் ஆரமுள்ள கருந்துளையை வைத்தால் என்ன ஆகும்? இருட்டும் குளிரும் வரும், பூமி அதே பாதையில் சுற்றிக்கொண்டே இருக்கும். தூரத்தில் இருப்பவருக்கு ஈர்ப்பு என்பது நிறையைப் பொறுத்தது, அந்த நிறை எவ்வளவு சுருங்கிக் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல.

இது கற்பனைக் கணக்கு என்பவர்களுக்கு நம் பால்வெளியின் மையத்திலேயே சாட்சி உண்டு. அங்கே 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளையை எஸ்2 என்ற விண்மீன் 16 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுகிறது. 2018 மே மாதம் அதற்கு மிக அருகே, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 120 மடங்கு தொலைவில், விநாடிக்கு 7,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வளைந்து திரும்பிப் போனது. விழுங்கப்படவில்லை. ரொம்ப ஒட்டிப்போனால் ஆபத்துதான், அதை மறுக்கவில்லை. சுழலாத கருந்துளை என்றால், ஒளியும் திரும்ப முடியாத அதன் எல்லையின் ஆரத்தைப் போல மூன்று மடங்குக்குள் நிலையான வட்டப்பாதை கிடையாது. ஆனால் அவ்வளவு கிட்டே வருவதற்கே வாயு ஒன்றோடொன்று உரசிச் சூடாகித் தன் வேகத்தை இழந்தாக வேண்டும். அந்தச் சூட்டில் எழும் எக்ஸ் கதிர்களை வைத்துத்தான் பல கருந்துளைகளைக் கண்டுபிடித்தார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். படத்தின் கீழே "நிறங்கள் தனிமங்களைப் பிரித்துக்காட்டக் கொடுத்தவை" என்று ஒரு வரி போடுங்கள். வேண்டுமானால் ஸ்கிரிப்டை எனக்கு அனுப்புங்கள், காசு வாங்காமல் படித்துத் தருகிறேன். 'விழுங்கும் ராட்சதன்' என்று எங்காவது இருந்தால் மட்டும் அடித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

இப்படிக்கு,
"கலர் எங்கே" கேள்விக்குப் பதில் சொல்லியே தொண்டை வறண்ட ஒருவன்