பல்கலைக்கழக வைஃபை: டெண்டருக்கு முன் அளவெடுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளாகம் முழுவதற்கும் வைஃபை அமைக்கப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் டெண்டர்கள் பலவற்றில், வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட் கருவியின் உச்ச வேகமும் அது எட்டும் தூரமும் முதலிடம் பெறுகின்றன. எந்த அறையில் எத்தனை பேர் அமர்வார்கள், சுவர் எதனால் ஆனது, கருவி வரை எந்தக் கேபிள் போகிறது என்பவை இடம்பெறுவதே இல்லை. வளாக வலையமைப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த வரிசை மாற வேண்டும் என வலியுறுத்துகிறேன்.

ஓர் அக்சஸ் பாயின்ட்டில் ஒரே அலைப்பட்டையில் இணைந்த கைபேசிகள் அனைத்தும் ஒரே சேனலை, அதாவது அப்பட்டையின் ஒரு பகுதியை, முறைவைத்துத்தான் பயன்படுத்துகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. விடுதித் தாழ்வாரம் நெடுகக் கருவிகளை மாட்டினால், தடையில்லாத நேர்கோட்டில் அவை ஒன்றுக்கொன்று இடையூறாகின்றன. மாணவர் படிக்கும் அறைக்குள்ளோ சுவர்களைக் கடந்து மெலிந்த அலையே வந்து சேர்கிறது. கருவி அலையை அனுப்பும் திறனைக் கூட்டினாலும் இது தீராது. கருவி அனுப்புவது கைபேசிக்கு எட்டும். கைபேசி அனுப்புவது கருவிக்கு எட்டாது. அறைகளுக்குள்ளேயே, குறைந்த திறனில், 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை முதன்மையாகக் கொண்டு அமைப்பதே முறை. அந்தப் பட்டையில் 2018-இல் மத்திய அரசு கூடுதல் அலைக்கற்றையை உரிமமின்றித் திறந்துவிட்டதால் சேனல்களுக்கும் பஞ்சமில்லை.

வைஃபையின் புதிய தலைமுறையான வைஃபை 7-இன் விளம்பரங்கள் சொல்லும் வேகம் 320 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலை வைத்துக் கணக்கிடப்படுவது. அமெரிக்கா 2020-இல் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. இந்தியாவில் 2025 மே மாதம் வெளியான வரைவு விதிகளோ 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை மட்டுமே குறிப்பிட்டன. அதற்குள் அத்தகைய சேனல் ஒன்றுதான் அடங்கும். நூற்றுக்கணக்கான கருவிகள் அருகருகே இயங்கும் வளாகத்தில் அந்த வேகத்துக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடுவது எந்த வகையிலும் நியாயமில்லை.

கருவிகளுக்குக் கேபிள் வழியே இணைய இணைப்பையும் மின்சாரத்தையும் தரும் பழைய ஸ்விட்சுகளையும் மறந்துவிடுகிறார்கள். கேபிள் வழியே 15.4 வாட் மின்சாரம் மட்டும் தரும் ஸ்விட்ச்சில் புதிய கருவியைப் பொருத்தினால், பல மாதிரிகள் தம் ரேடியோக்களில் சிலவற்றை நிறுத்திக்கொள்ளும் அல்லது திறனைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஸ்விட்ச்சின் விலையையும், கருவியின் மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய உரிமக் கட்டணத்தையும் சேர்த்தே குறைந்த விலை எது என்று முடிவு செய்ய வேண்டும். உரிமம் காலாவதியானால் கருவி தொடர்ந்து இயங்குமா என்பதை எழுத்தில் பெறுவது மிக அவசியம்.

டெண்டருக்கு முன்பு ஒரு விடுதிக் கட்டடத்திலும் ஒரு பெரிய விரிவுரை அரங்கிலும், மாணவர்கள் நிறைந்திருக்கும் வேளையில், அவர்கள் கையிலுள்ள விலை குறைந்த கைபேசிகளைக் கொண்டே இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகளைச் சோதித்து, முடிவுகளைப் பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடுமாறு உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வலையமைப்புப் பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி