ஸ்டென்ட் வைத்தாயிற்று, மனசை யார் பார்ப்பது? – நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், முலுண்ட் என்று நம் தமிழ் மக்கள் இருக்கும் பக்கமெல்லாம் இதய அடைப்புக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை சொந்தபந்தம் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸுமாக வந்து நிற்கும். வீடு திரும்பிய பிறகுதான் பாடு. மனுஷர் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பார். தூக்கம் கிடையாது, சோறு இறங்காது. நடக்கக் கூப்பிட்டால் எரிந்து விழுவார். "இனி எதுக்கு?" என்று மாத்திரையைத் தள்ளிவைப்பார். வீட்டார் உடம்பு பலவீனம் என்று நினைத்து ஆட்டுக்கால் சூப் வைக்கிறார்கள்!

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. அவர்கள் நிலை மோசமாவதற்கு அதையும் ஓர் ஆபத்துக் காரணியாகவே கருத வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் நிபுணர் குழு 2014-இல் பரிந்துரைத்தது.

இதற்குப் போனிலேயே வைத்தியம் உண்டு. பைபாஸுக்குப் பின் மனச்சோர்வில் இருந்த 302 பேரை வைத்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பாதிப் பேரை நர்ஸ்கள் எட்டு மாதம் போனில் தொடர்ந்து கவனித்தார்கள்; மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. போனில் கவனிக்கப்பட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு பாதியளவோ அதற்கு மேலோ குறைந்தது. மற்றவர்களில் சுமார் 30 சதவீதம்தான். அதிகப் பலன் பெற்றவர்கள் ஆண்கள். வாயைத் திறக்காத நம் வீட்டுப் பெரியவர்களை நினைத்தால், எங்களுக்கு இந்த ஒரு தகவலே போதும். ஆயுளைக் கூட்டும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை.

அதே முறையைத்தான் தமிழில் செய்யப்போகிறோம். மாரைப் பிடித்துக்கொண்டு கல்யாணிலிருந்து லோக்கலில் நெரிசலோடு பரேல் ஆஸ்பத்திரி வரை வரவேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தமிழ் நர்ஸ் கூப்பிடுவார். மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் குறிப்பார். தூக்கம், நடை, மாத்திரை எல்லாம் விசாரிப்பார். வாரம் ஒருமுறை மனநல மருத்துவரோடு உட்கார்ந்து எல்லாருடைய நிலையையும் பார்ப்பார். மாத்திரை தேவைப்பட்டால் இதய மருத்துவருக்கும் தெரிவிக்கப்படும்; டிரைசைக்ளிக் என்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் இதய நோயாளிக்கு ஆகாதவை. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் அன்றைக்கே மருத்துவர் பேசுவார்.

இரவில் அவசரம் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. ஆனால் அது நோயாளியே கூப்பிட வேண்டிய எண். சோர்ந்து கிடப்பவர் எங்கே கூப்பிடப் போகிறார்? அதனால்தான் எங்கள் நர்ஸே அவரைக் கூப்பிடும் ஏற்பாடு.

ஓராண்டுக்குத் தேவை 5,00,000 ரூபாய். இரண்டு பகுதிநேர நர்ஸ்களுக்கு 3,60,000, மனநல மருத்துவருக்கு 1,04,000, போன், பதிவேடு வகைக்கு 36,000. குழுவினர் யாருக்கும் சம்பளம் இல்லை. நன்கொடை தருபவருக்கான 80ஜி வருமான வரிச் சலுகை இன்னும் கிடைக்கவில்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்திருந்து தரலாம். மற்றவர்கள் நூறு ரூபாய் தந்தாலும் கையோடு ரசீது உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவை எங்கள் மன்ற வாசலில் ஒட்டுவோம்.

பணம் தர முடியாதவர்கள், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்தவர் யாரேனும் இருந்தால், அவர் சம்மதத்தோடு பெயரைக் கொடுங்கள். ஓய்வுபெற்ற தமிழ் நர்ஸ்கள் ஞாயிறு காலை மன்றத்துக்கு வாருங்கள்.

– அமைப்புக் குழுவினர், மும்பை