மழலையரின் வழிபாட்டிலும் வரைதாளிலும் போட்டி வேண்டாம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு குழந்தைகளின் வளர்ப்பைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். உணவு, உறக்கம், தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை என எல்லாவற்றையும் அவை அலசுகின்றன. ஆனால் இறைநம்பிக்கையும் கற்பனையும் எதையும் நின்று எண்ணிப் பார்க்கும் பழக்கமும் ஒரு குழந்தைக்கு வீட்டுக்குள் எப்படி வாய்க்கின்றன என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பேசினாலும், பேச்சு பக்திப் பாடல் ஒப்பித்தல், ஓவியப் போட்டி, மேடை, கேடயம் என்றே போய் முடிகிறது. 7 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை, பரிசையும் போட்டியையும் வழிபாட்டிலிருந்தும் வரைதாளிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை எழுதவே இக்கடிதம்.

1973ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்டிருந்த, 3 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவிடம் முன்னதாகவே சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்கு, வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராத நேரத்தில் அதே சான்றிதழ் தரப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் தரப்படவில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண விளையாட்டு வேளையில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். பரிசுக்காக அவர்கள் வரைந்திருந்த படங்களும் மற்றவர்களின் படங்களைவிடத் தரத்தில் தாழ்ந்திருந்தன. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஆகவே கொடுப்பதில் தவறில்லை. ‘இதைச் செய், அதைத் தருகிறேன்’ என்று முன்கூட்டிப் பேசும் பேரம்தான் குழந்தைக்கு இயல்பாக இருந்த விருப்பத்தைக் கெடுக்கிறது.

இந்தப் பேரம் வரைதாளோடு நிற்பதில்லை. ‘கண்ணை மூடிக் கும்பிடு, அப்புறம் கைப்பேசி தருகிறேன்’ என்று சொல்லும்போது, கும்பிடுவது ஒரு கூலி வேலை என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. இதன் மறுபக்கம் ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்ற மிரட்டல். பெரியவர்கள் அதை விளையாட்டாகச் சொல்லலாம்; சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் வயதில் இருக்கும் குழந்தைக்கு அது உண்மையிலேயே ஒரு விரல் தன் கண்ணை நோக்கி வருவது. அன்பே உருவானவர் என்று காலையில் அறிமுகப்படுத்திய ஒருவரை மாலையில் காவல்காரராக மாற்றிவிட்டு, அவர்மீது நம்பிக்கை வளரவில்லையே என்று பின்னாளில் வருந்தும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை வளர என்னதான் வேண்டும் என்று கேட்டால், முதலில் குழந்தையின் கேள்விக்கு இடம் வேண்டும் என்பேன். என் பேத்தி சில மாதங்களுக்கு முன் தன் பொம்மைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தவள், திடீரென்று நிமிர்ந்து, “கடவுள் எல்லா இடத்திலும் இருக்கார்னா இந்தப் பெட்டிக்குள்ளயும் இருப்பாரா? மூடினா மூச்சு முட்டாதா?” என்று கேட்டாள். கடவுளுக்கு உருவம் கிடையாது, மூச்சும் கிடையாது என்று என் மகன் விளக்கத் தொடங்கினான். மருமகள் அவனைக் கையமர்த்திவிட்டு, “நீ என்ன கண்ணு நினைக்கிற?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். குழந்தை பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை ஒரு விரல் அளவு திறந்து, இடையில் ஒரு பென்சிலைச் செருகி வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். கடவுள் எங்கும் இருக்கிறார் என்ற வாக்கியத்தை ஓராயிரம் முறை ஒப்பிக்கச் செய்திருந்தாலும், அவருக்காகக் கவலைப்பட அவள் கற்றிருக்க மாட்டாள். அவளுடைய பதில் சாத்திரப்படி சரியா என்பதை இப்போதே தீர்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இங்கே மருமகளின் காத்திருப்பைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர், வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று கணக்கிட்டார். பெரும்பாலும் ஒரே ஒரு நொடிதான். அதை 3 நொடிகளாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. ‘தெரியாது’ என்பது குறைந்தது. அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். 1970களில் வந்த இந்த முடிவு வகுப்பறைக்கானது என்றாலும், வீட்டில் நாம் அந்த ஒரு நொடியைக்கூடத் தருவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. குழந்தை கேட்டு வாய் மூடுவதற்குள் பதிலைத் திணிக்கிறோம், அல்லது ‘சும்மா இரு’ என்கிறோம்.

‘சும்மா இரு’ என்பது தண்டனையாகிப் போனதும் ஓர் இழப்புதான். 1907ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியொன்றில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் அமைதி ஒரு விளையாட்டாக இருந்தது. குழந்தைகள் அசையாமல் அமர்ந்து, கடிகாரத்தின் ஓசை வரை கேட்கும் அளவுக்கு அடங்கியிருப்பார்கள்; பிறகு ஆசிரியை ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் கிசுகிசுக்க, பெயர் கேட்ட குழந்தை சத்தம் எழுப்பாமல் எழுந்து செல்லும். இதற்குப் பொருளோ பணமோ வேண்டாம். வழிபாட்டுக்கு முன்போ, இரவு விளக்கை அணைத்த பிறகோ எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம். இறைநம்பிக்கை இல்லாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நின்று கவனிப்பது எந்தச் சமயத்துக்கும் தனிச் சொத்தல்ல.

அதே போல, குழந்தை தனக்குத்தானே பேசிக்கொண்டு விளையாடும்போது குறுக்கிடாமல் இருப்பது நல்லது. ‘இது இங்க வைக்கணும், இல்ல இல்ல, அங்க’ என்று முணுமுணுப்பதை வெறும் உளறல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, இந்த உரத்த பேச்சே காலப்போக்கில் உள்ளே இறங்கி மனத்துக்குள் நடக்கும் சிந்தனையாகிறது என்று விளக்கினார். படுக்கையில் குழந்தை தன் சொந்தச் சொற்களில் கடவுளிடம் அன்றைய சண்டையையும் சந்தோஷத்தையும் சொல்வதும் அந்த வழியில்தான் செல்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தச் சொற்களைத் திருத்தவோ, உறவினர் முன்னிலையில் திரும்பச் சொல்லச் சொல்லவோ கூடாது. படம் பிடிப்பது அதைவிடத் தவறு.

வரைவதற்கு வருகிறேன். 3, 4 வயதில் குழந்தைகள் வரையும் மனித உருவத்துக்குத் ‘தலைப்பிரட்டை’ என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு வட்டம், உள்ளே இரண்டு புள்ளிகள், வட்டத்தின் அடியிலிருந்தே இறங்கும் இரண்டு கால்கள். கைகள் இருந்தால் அவையும் தலையிலிருந்தே முளைத்திருக்கும். ‘உடம்பு எங்கே?’ என்று கேட்டுப் பென்சிலைப் பிடுங்கிச் சரியாக வரைந்து காட்டினால், அடுத்த முறை அந்தக் குழந்தை ‘நீயே வரைஞ்சு குடு’ என்று தாளை நம்மிடம் நீட்டும். ‘என்ன இது?’ என்ற விசாரணையைவிட, ‘இதைப் பத்தி எனக்குச் சொல்லேன்’ என்ற வேண்டுகோள் மேலானது. சொல்லத் தொடங்கினால், அந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார், ஏன் அவர் கை அவ்வளவு நீளம் என்றெல்லாம் நாம் எதிர்பாராத விவரங்கள் வரும். ‘ரொம்ப அழகு’ என்று நிமிர்ந்து பாராமலே சொல்லிவிடுவதும் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

திரையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டதால் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் திரையின் முன் அமர்ந்திருப்பது ஒரு நாளில் 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது; உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர்களோடு சேர்ந்து படிப்பதையும் கதை சொல்வதையும் அது ஊக்குவிக்கிறது.

இன்னொரு கடினமான இடம் மரணம். இறந்தவர் திரும்பி வர மாட்டார் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 7 வயதுக்குள்தான் பிடிபடுகிறது. ‘தாத்தா தூங்குகிறார்’ என்று சொல்லி வைத்தால், தூங்கப் போகவே அஞ்சும் பிள்ளைகள் உண்டு. இறந்துவிட்டார், இனி அவர் உடல் அசையாது, வலிக்காது என்று நேராகச் சொல்லலாம். அதற்குப் பிறகு நம் குடும்பம் எதை நம்புகிறது என்பதையும் சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பெரியவரைக் குழந்தை கூடுதலாகவே நம்பும்.

இவற்றையெல்லாம் பெற்றோரின் தயவு என்று நினைத்துவிடக் கூடாது. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, சிந்தனை, மனச்சான்று, மதம் ஆகியவற்றில் குழந்தைக்கு உள்ள சுதந்திரத்தை ஏற்று, வளர்ந்துவரும் அதன் திறனுக்கு ஏற்ப வழிகாட்டுவதைப் பெற்றோரின் உரிமையும் கடமையும் ஆக்குகிறது. 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் கலையில் பங்கேற்பதையும் உரிமை என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, நம் நம்பிக்கையைக் குழந்தைக்குத் தருவதற்குத் தடையில்லை என்பதும், அதை அந்தக் குழந்தை தன் வழியில் தொட்டுப் பார்க்க நேரம் விட வேண்டும் என்பதும் தெளிவாகின்றன.

எனவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் 7 வயதுக்கு உட்பட்டோரின் படங்களை வெளியிடும்போது முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று தரம் பிரிக்காமல், அந்தப் படத்தைப் பற்றிக் குழந்தை சொன்ன ஓரிரு வரிகளை அப்படியே அருகில் அச்சிடுங்கள். அதே பக்கத்தில், குழந்தைகள் வீட்டில் கேட்ட கேள்விகளுக்கும், பெரியவர்களின் விடை எதையும் சேர்க்காமல், சிறிது இடம் ஒதுக்குங்கள். வாரந்தோறும் இயலாவிட்டால் மாதம் ஒரு முறையாவது இதைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி