பொன்னாடை போதும், கொஞ்சம் பேச விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் காரைக்குடியில் ஒரு நாவலுக்கு அறிமுகக் கூட்டம் நடந்தது. எழுதியவரே வருகிறார் என்றதும் நாவலை இரண்டு தடவை படித்துவிட்டு, கேட்க வேண்டியதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனேன். ஆறு மணி என்று போட்டிருந்தார்கள், ஆறே முக்காலுக்குத் தொடங்கினார்கள், அது வழக்கம்தான். மேடையில் ஒன்பது பேர். எல்லாருக்கும் பொன்னாடை, போர்த்திவிட்டவருக்கும் ஒரு பொன்னாடை. தலைமை வகித்தவர் பின்னட்டையில் இருந்ததையே அரை மணி நேரம் பேசினார் (அதையாவது படித்தாரே!). எழுத்தாளருக்குக் கிடைத்தது பத்து நிமிடம். வாசகர்கள் கேள்வி கேட்கும் நேரம் வந்தபோது "நேரமின்மை காரணமாக" என்று சொல்லி நன்றியுரைக்குப் போய்விட்டார்கள்.

நல்லவேளை, காபி கொடுத்த இடத்தில் அவரைப் பிடித்துவிட்டேன். நாவல் நம் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றில் நடக்கிறது. அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்கு, வாசல் பக்கத்து முகப்பில் கணவர் வீட்டை விலை பேசுவது காதில் விழுகிறது, அங்கிருந்துதான் கதையே. "சார், எங்கள் வீட்டிலும் அடுப்படி இரண்டு முற்றம் தாண்டி மூன்றாம் கட்டுலதான், முகப்பில் வேட்டுப் போட்டாலும் அங்கே கேட்காது" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அப்படின்னா அவ கேக்கலை, ரொம்ப நாளாவே அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து அந்த அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். ஒன்றும் பேசாமல் அவள் பருப்புக் கடைகிற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

காரைக்குடிக்கு மேடைப்பேச்சு புதிதில்லை. 1939-ல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது, கம்பன் விழாவில் உட்கார்ந்து தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பனைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க முடியாது, அதனால் அறிந்தவர்கள் பேச வேண்டும், நாம் கேட்க வேண்டும், சரி. ஆனால் எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது, அவர் புத்தகத்தை அவருக்கே எதற்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்?

எனக்கு இதில் ஒரு ஆற்றாமை உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, இந்தோனேசியாவில் மேடான் வரை பிழைக்கப் போய் வந்த ப. சிங்காரம் எழுதிய 'புயலிலே ஒரு தோணி' 1972-ல் புத்தகமாக வந்தது. அடுத்தாள் (முதலாளியின் ஏஜெண்டுக்கு அடுத்த கணக்கப்பிள்ளை), பெட்டியடிப் பையன் (எடுபிடிப் பையன்) என்று கடல் தாண்டி நம்மவர்கள் வைத்திருந்த வட்டிக் கடைகளில் புழங்கிய பேச்செல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் ஐயா பினாங்கில் அடுத்தாளாக இருந்தவர், படித்திருந்தால் வரிக்கு வரி சண்டை போட்டிருப்பார். சிங்காரம் 1997-ல் காலமாகும் வரை மதுரையில்தான் இருந்தார், இங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்ததே அதற்கெல்லாம் அப்புறம்தான்.

அதனால் கூட்டம் நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். அடுத்த தடவை பொன்னாடைக் காசில் இருபது பிரதி வாங்கி, ஒரு மாதம் முன்பே படிக்கக் கொடுத்துவிடுங்கள். படித்த இருபது பேர் போதும். படிக்காதவர்களும் வரட்டும், காபி உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பட்டாலை, அதாவது கூடம், சும்மாதான் கிடக்கிறது, ஜமக்காளமும் இருக்கிறது. மைக் மட்டும் கொண்டுவர வேண்டாம்.

ஒரு வாசகி,
காரைக்குடி