வெட்டிய மரத்துக்கு ஈடு: தலையெண்ணும் விதி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் மனையில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதி வேண்டும் என்றும், வெட்டிய மரத்துக்கு ஈடாக இத்தனை கன்றுகளை நட வேண்டும் என்றும் விதி வகுக்கும் ஊர்கள் பெருகிவருகின்றன. இத்தகைய விதிகள் தேவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவற்றுள் பல, மரங்களைத் தலையெண்ணிக் கணக்கு முடிக்கின்றன. ஒன்றுக்குப் பத்து என்று எழுதி, பத்துக் கன்றுகளுக்கான ரசீதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் இழப்பு ஈடாகிவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. இந்தக் கணக்கு எங்கே பிழைபடுகிறது என்பதையும், விதியை எப்படி எழுதினால் மரமும் நிற்கும், மனை உரிமையாளரும் அலைக்கழிக்கப்பட மாட்டார் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

மரத்தின் பருமனை மார்பளவு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் உயரத்தில், அளப்பது வனவியலில் நெடுநாளைய வழக்கம். அவ்வாறு அளக்கும்போது 60 செ.மீ. விட்டமுள்ள ஒரு வேப்பமரத்தின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2,827 சதுர செ.மீ. வருகிறது. நாற்றங்காலில் கிடைக்கும் கட்டைவிரல் பருமனுள்ள, 2 செ.மீ. விட்டமுள்ள கன்றின் தண்டுப் பரப்போ 3 சதுர செ.மீட்டருக்குச் சற்றே கூடுதல். பத்துக் கன்றுகளை நட்டாலும் இழந்ததில் நூற்றில் ஒரு பங்குதான் அன்று திரும்ப வருகிறது. பருமனுக்குப் பருமன் ஈடு செய்வதென்றால் 900 கன்றுகள் வேண்டும். யாரும் 900 கன்றுகளை நட முடியாது, நடவும் தேவையில்லை. ஆனால் பத்துக்கும் தொள்ளாயிரத்துக்கும் இடையில் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அனுமதி வழங்கும் அலுவலர் அறிந்திருக்க வேண்டும். அறிந்தால்தான், மரத்தை வெட்டாமல் கட்டட வரைபடத்தை இரண்டடி நகர்த்த முடியுமா என்று முதலில் கேட்கத் தோன்றும்.

நிழலைக் கொண்டு கணக்கிட்டால் இன்னொரு சிக்கல் தெரிகிறது. கிளைகள் 12 மீட்டர் விரிந்த மரம் 113 சதுர மீட்டர் நிலத்துக்கு நிழல் தருகிறது. அதற்கு ஈடாக நடும் பத்துக் கன்றுகளும் அதே அளவுக்கு வளர்வதானால் 1,130 சதுர மீட்டர் இடம் வேண்டும். எந்தச் சிறிய வீட்டு மனையிலும் அதற்கு இடமில்லை. ஆகவே 'பத்து' என்று விதியில் எழுதும்போதே, அந்தக் கன்றுகள் அந்த மனையில் வளரப்போவதில்லை என்பது முடிவாகிவிடுகிறது. அவை ஊருக்கு வெளியே ஏதோ ஒரு புறம்போக்கு நிலத்துக்கோ, ஏற்கெனவே புதர் மண்டிய குளக்கரைக்கோ போகின்றன. நிழலை இழந்தது ஒரு தெரு. கன்றைப் பெற்றது வேறு இடம். வெயிலில் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு, பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் நட்ட கன்றால் என்ன பயன்? மழைநீர் நேரடியாகத் தரையில் அறையாமல் தடுக்கும் தழைப்பரப்பு போனதும் அந்தத் தெருவில்தான், பறவைகளின் கூடு போனதும் அங்கேதான்.

எனவே, ஈட்டைக் கன்றுகளின் எண்ணிக்கையாக அல்லாமல், வெட்டப்படும் மரத்தின் பருமனையும் தழைப்பரப்பையும் கொண்டு கணக்கிட வேண்டும்; மனையில் பிழைக்கக்கூடிய இரண்டு அல்லது மூன்று நல்ல கன்றுகளை அங்கேயே நடச் செய்து, எஞ்சிய ஈட்டை அதே வார்டில் தெருவோரத்திலும் பள்ளி வளாகத்திலும் பூங்காவிலும் நடுவதற்கான தொகையாகப் பெற வேண்டும் என்பது என் கருத்து. எண்ணிக்கையைத் தாண்டிச் சிந்திக்கும் முயற்சிகள் நம் நாட்டிலேயே நடந்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் 1975-ஆம் ஆண்டின் நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டு வயதைக் கடந்த மரங்களைப் பாரம்பரிய மரங்களாகக் கருத வழி செய்ததோடு, வெட்டப்படும் மரத்துக்கு எத்தனை வயதோ அத்தனை கன்றுகள் நட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அமைத்த வல்லுநர் குழுவொன்றின் அறிக்கை 2021-இல் வெளியானபோது, ஒரு மரத்தின் மதிப்பை அதன் வயதை ஆண்டொன்றுக்கு 74,500 ரூபாயால் பெருக்கிக் கணக்கிடலாம் என்று அதில் கூறப்பட்டிருந்தது. எல்லா மரங்களுக்கும் ஒரே தொகை பொருந்துமா என்று கேட்கலாம். ஆயினும் முதிர்ந்த மரமும் கன்றும் ஒன்றல்ல என்பதை இரண்டுமே ஏற்கின்றன. மகாராஷ்டிர வழியிலும் கன்றுகளின் எண்ணிக்கை பெருகுமே தவிர அவற்றுக்கான இடம் எங்கே என்ற கேள்வி அப்படியே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

எந்த அளவுக்கு மேல் அனுமதி வேண்டும் என்பதில் நகரங்கள் வெகுவாக வேறுபடுகின்றன. டெல்லியின் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் இருந்தாலே அது மரம். கனடாவின் டொராண்டோ நகரில் தனியார் மனையில் 30 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமுள்ள மரத்துக்கே அனுமதி தேவை. சிங்கப்பூரில் மரப் பாதுகாப்புப் பகுதிகளில் அடிமரச் சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டினால் அனுமதி பெற வேண்டும். வீட்டு மனைகளைப் பொறுத்தவரை, டெல்லியின் வரம்பு மிகவும் கீழே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. காம்பவுண்டு சுவரோரம் தானாக முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவும் விண்ணப்பம் என்றால், அலுவலர் மேசையில் கோப்புகள் குவியும். அந்தக் குவியலுக்குள் நூறாண்டு ஆலமரத்தின் கோப்பும் படித்துப் பார்க்கப்படாமல் கையெழுத்தாகும். மெதுவாக வளரும் மரங்களுக்குக் குறைந்த வரம்பும், விரைந்து வளரும் மரங்களுக்குக் கூடிய வரம்பும் வைப்பதே முறை. சீமைக்கருவேலம் போன்ற, மண்ணையும் பிற செடிகளையும் கெடுக்கும் அயல் மரங்களுக்கு அனுமதியும் தேவையில்லை, ஈடும் தேவையில்லை.

விதி கடுமையாக இருந்தால் போதும் என்று எண்ணும் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சந்தன மரத்தின் வரலாற்றை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனமும் நெடுங்காலம் அரசின் உடைமையாகவே கருதப்பட்டது. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்திய பிறகே நில உரிமையாளருக்கு அந்த மரத்தின் மேல் உரிமை கிடைத்தது. அதுவரை தன் நிலத்தில் சந்தனம் முளைத்தால் விவசாயிக்கு அது வரவாகத் தெரியவில்லை, வம்பாகவே தெரிந்தது. மரம் காணாமல் போனால் விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மரம் வளர்ந்தால் பலன் அவருக்கில்லை. அத்தகைய நிலையில் யார் கன்றை வளர விடுவார்கள்? வீட்டு மனைக்கும் இது பொருந்தும். வரம்பைத் தொட்டுவிட்டால் இந்த மரத்தை ஒருநாளும் தொட முடியாது என்ற அச்சம் பரவினால், வரம்பைத் தொடுமுன்பே மக்கள் வெட்டிவிடுவார்கள். புதிதாக நடுபவர்கள் மூன்றடிச் செடியோடு நிறுத்திக்கொள்வார்கள். தானாக முன்வந்து மரம் வளர்த்தவர் அதைப் பதிவு செய்துகொள்ளவும், பிற்காலத்தில் ஒரு மரத்தை அகற்ற நேர்ந்தால் முன்பு வளர்த்ததை ஈடாகக் காட்டவும் விதியில் இடமிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு இத்தனை நாளுக்குள் விடை என்று காலவரையறையும், மறுத்தால் அதற்கான காரணம் எழுத்திலும் தரப்பட வேண்டும். புயலில் சாய்ந்து கூரைமேல் கிடக்கும் மரத்துக்கு யாரும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. ஒளிப்படம் எடுத்து வைத்துக்கொண்டு அகற்றிவிட்டுப் பின்னர் தகவல் தந்தால் போதும்.

வெட்டுவதை மட்டும் தடுக்கும் விதி, கொல்வதைத் தடுப்பதில்லை. மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. அடிமரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டும் பொக்லைன், கைப்பருமனுள்ள வேர்களை நார் நாராகப் பிய்த்து எறிகிறது. அன்று மரம் பச்சையாகவே நிற்கும். ஓரிரு கோடைகளில் உச்சிக்கிளைகள் இலையின்றிக் காயும். பின்னர் மரம் பட்டுவிட்டது, ஆபத்தானது என்று விண்ணப்பம் வரும். அனுமதியும் உடனே கிடைக்கும். பிரிட்டனில் கட்டுமானத்துக்கான தரவிதி, அடிமர விட்டத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு ஆரமுள்ள வட்டத்தை வேர்க்காப்புப் பகுதியாகக் கொள்ளச் சொல்கிறது, 50 செ.மீ. மரத்துக்கு அது 6 மீட்டர். சிறிய மனைகளில் அவ்வளவு விட முடியாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கட்டட அனுமதி வரைபடத்தில் மரம் நிற்கும் இடத்தையும் வேர்ப்பகுதியையும் குறித்துக் காட்டாமல் வரைபடத்தை ஏற்கக் கூடாது என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அடிமரத்தைச் சுற்றி விளிம்புவரை சிமென்ட் பூசுவதும் இத்தகைய கொலையே. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது. பட்டையை வளையமாகச் சீவி எடுப்பதும், துளையிட்டு அமிலம் ஊற்றுவதும், கிளைகள் அனைத்தையும் கழித்து மொட்டைக் கம்பமாக நிறுத்துவதும் வெட்டியதாகவே கருதப்பட வேண்டும்.

ஈடாக நடும் கன்றைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரசீது வாங்குவதற்காக வாங்கப்படும் கன்றின் பாலிதீன் பையைக் கிழித்துப் பார்த்தால், வேர் பையின் அடியில் கடிகார ஸ்பிரிங் போலச் சுற்றிச் சுருண்டிருக்கும். அந்தச் சுருளை வெட்டிப் பிரிக்காமல் நட்டால், வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் தம்மைத் தாமே சுற்றித் தடிக்கின்றன. மேலே தழைத்து வளரும் மரம், பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெருங்காற்றில் பிடிப்பில்லாமல் அடியோடு சாய்கிறது. சில இடங்களில் பையைக்கூடக் கிழிக்காமல் குழியில் இறக்கி மண் தள்ளிவிடுவதைக் காணலாம். குழியோ ஒரு சாண் ஆழம். கட்டட இடிபாட்டுக் கல்லும் சுண்ணாம்பும் கலந்த மண். முதல் மூன்று கோடைகளில் தண்ணீர் ஊற்றவும், ஆடு மாடு கடிக்காமல் கூண்டு வைக்கவும், தாங்குகோல் கட்டவும், பிறகு அந்தக் கட்டு தண்டை இறுக்குமுன் அவிழ்க்கவும் ஓர் ஆள் பொறுப்பேற்காவிட்டால் அந்தக் கன்று பிழைப்பது அதிர்ஷ்டம்தான். எனவே நட்டதற்கான ஒளிப்படத்தோடு கோப்பை மூடும் வழக்கம் ஒழிய வேண்டும். அனுமதியின்போது ஒரு வைப்புத்தொகையைப் பெற்று, மூன்றாம் ஆண்டு முடிவில் கன்று உயிரோடும் நல்ல வளர்ச்சியோடும் இருந்தால் திருப்பித் தரலாம். பட்டுப்போயிருந்தால் மறுபடி நடச் செய்து, காலத்தையும் மறுபடி எண்ணத் தொடங்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களிடம் வைப்புத்தொகை கேட்காமல், நாற்றங்காலிலிருந்து நல்ல கன்றை இலவசமாகத் தந்து, பராமரிப்பை மட்டும் கோருவதே நியாயம்.

மனை கைமாறும்போது பொறுப்பு எங்கே போகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் 1990-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம், பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்ட மரம் விதிமீறி அகற்றப்பட்டால் அதே இடத்தில் பொருத்தமான வகையிலும் அளவிலும் மற்றொரு மரத்தை நட வேண்டிய கடமையை நில உரிமையாளர்மீது சுமத்துகிறது. நிலம் விற்கப்பட்டால் அக்கடமை புதிய உரிமையாளரைச் சேர்கிறது. நம் விதிகளிலும் இத்தகைய பிரிவு வேண்டும். இல்லாவிட்டால் மரத்தை வெட்டி மனையைச் சமன்செய்து விற்றவரும் பொறுப்பில்லை என்பார், வாங்கியவரும் பொறுப்பில்லை என்பார்.

எந்தக் காரணத்துக்கு அனுமதி தரலாம் என்பதும் விதியிலேயே இருக்கட்டும். இலை உதிர்ந்து குப்பையாகிறது, பறவை எச்சமிடுகிறது, பெயர்ப்பலகையை மறைக்கிறது என்பவை காரணங்களாகா. அடிமரத்தில் பொந்து இருப்பதும் தன்னளவில் காரணமாகாது. வெளிச்சுற்று உறுதியாக இருக்கும் பொந்து மரம் பல்லாண்டு நிற்கும். அடிப்பகுதியில் காளான் முளைத்திருப்பது, வேர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழுவது, சாய்வு அண்மையில் கூடியிருப்பது ஆகியவை உண்மையான அபாயக் குறிகள். இவற்றை நேரில் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர், பயிற்சி பெற்ற ஒருவரேனும், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பிலும் இருக்க வேண்டும்.

இறுதியாக ஒரு கோரிக்கை. வழங்கப்படும் ஒவ்வொரு அனுமதியையும், மரத்தின் வகை, பருமன், அகற்றுவதற்கான காரணம், ஈட்டுக்கன்று நடப்படும் இடம் ஆகியவற்றோடு, வெட்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னதாகவே உள்ளாட்சி அலுவலக அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். அதே பதிவில் மூன்றாம் ஆண்டு ஆய்வின் முடிவையும் சேர்த்துவிட்டால், அந்தத் தெருவில் குடியிருப்பவர் எவரும் கன்றின் முன் போய் நின்று சரிபார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்