காக்பிட் கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நன்றி

விமானிகளுக்கும், உங்கள் வேலை என்னவென்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை நான் எப்போதோ எழுதியிருக்க வேண்டும். ஆனால் ரொம்ப வருடங்களாக உங்களைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். தோளில் நாலு பட்டையோடு ஒரு கேப்டன் பெட்டியை உருட்டிக்கொண்டு எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவன் நான் என்ற நினைப்பு அவ்வளவு ஆழமாக இருந்தது.

முதல் நன்றி, என்னை விமானி ஆக விடாத அந்தக் கண் மருத்துவருக்கு. பதினெட்டு வயதில் மருத்துவப் பரிசோதனைக்குப் போனேன். காது, இரத்த அழுத்தம், தூரப் பார்வை எல்லாம் சரி. கடைசியாக ஒரு புத்தகத்தை விரித்தார். வட்டம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "என்ன எண் தெரியுது?" என்றார். "21" என்று தயங்காமல் சொன்னேன். அடுத்த பக்கத்தைத் திருப்பப் போன அவர் கை அப்படியே நின்றது. அந்தப் பக்கத்தில் இருந்தது 74. சிவப்பையும் பச்சையையும் சரியாகப் பிரிக்க முடியாத கண்ணுக்குத்தான் அது 21 ஆகத் தெரியும். விளக்கு வைத்துச் செய்யும் சோதனையும் செய்து பார்த்தார். அதிலும் தேறவில்லை.

"பக்கங்களை மனப்பாடம் பண்ணிட்டு வேற இடத்துக்குப் போகட்டுமா?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் திட்டவில்லை. உட்கார வைத்து, இரவில் எதிரே வரும் விமானத்தின் இடது இறக்கையில் சிவப்பும் வலது இறக்கையில் பச்சையும் எரியும், அதை வைத்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும் என்றார். ரேடியோ செத்துப்போனால் கோபுரத்திலிருந்து வெளிச்சத்தில்தான் சொல்வார்கள், பச்சை நிலையாக எரிந்தால் இறங்கலாம், சிவப்பு நிலையாக எரிந்தால் இறங்காமல் சுற்ற வேண்டும் என்றார். அன்று எதுவும் காதில் ஏறவில்லை. ஐயா, இன்று ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது அந்தப் பயிற்சியாளர். பல வருடங்கள் கழித்து, என் கதையைக் கேட்டுவிட்டு, இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தில் என்னை இடது இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு மேலே போனார். திரும்பி இறங்கும்போது, "ஓடுபாதைக்கு இடது பக்கம் வரிசையா நாலு விளக்கு இருக்கு பாருங்க. எத்தனை சிவப்பு?" என்றார்.

"ரெண்டு, சார்."

"மூணு" என்றார். அவ்வளவுதான். என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை என்றால் சரியான சரிவில் வருகிறோம் என்று பொருள். மூன்று சிவப்பு என்றால் தாழ்ந்துவிட்டோம். நான் ஓட்டியிருந்தால் எல்லாம் சரியாக இருப்பதாக நம்பி அப்படியே இறங்கியிருப்பேன். எனக்கு இழைக்கப்பட்டது அநியாயம் என்று அதுவரை நினைத்திருந்தது அந்த ஒரு சொல்லில் கரைந்துபோனது. அதன்பிறகு நான் விளக்குகளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். பக்கவாட்டுக் காற்று. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி, கொஞ்சம் கோணலாகவே வந்துகொண்டிருந்தோம். கை ஒரு நொடிகூட சும்மா இல்லை, ஆனால் அசைவு விரலளவுக்கு மேல் இல்லை. தரை தொடுவதற்குச் சற்று முன் வால் சுக்கானைத் திருப்பும் மிதியைக் காலால் அழுத்தினார், மூக்கு நேராகியது, காற்றுப் பக்கத்துச் சக்கரம் முதலில் தொட்டது. மேலே ஏறியது பெரிய சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகும் அந்தக் கைதான் கண்ணில் நின்றது.

அப்புறம், என் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்ன கேப்டன் அண்ணனுக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் தேர்வுக்காக, இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும், மாணவனைப் போல இரவில் உட்கார்ந்து படிப்பார். ஒருநாள் மேசை மேல் கையை வைத்து டேக்-ஆஃபை நடித்துக் காட்டினார். வி-1 என்ற வேகம் வந்ததும் த்ரஸ்ட் லீவரிலிருந்து, அதாவது பெரிய விமானத்தின் த்ராட்டிலிலிருந்து, கையை எடுத்துவிட்டார். அந்த வேகத்துக்குப் பிறகு என்ஜின் ஒன்று நின்றுபோனாலும் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். பதற்றத்தில் கை தானாகப் பின்னால் இழுத்துவிடக் கூடாதென்றுதான் எடுத்துவிடுகிறார்களாம். தன் கையையே நம்பாமல் இவ்வளவு யோசித்து வைத்திருக்கும் தொழில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் சொல்லித்தான் பழைய சம்பவங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767-இல், கிலோகிராமுக்கும் பவுண்டுக்கும் நடந்த குழப்பத்தால் 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்துபோனது. கேப்டன் பாப் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லியில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தை நெருங்கியபோது உயரம் அதிகமாக இருந்தது. கிளைடரைச் சாய்த்துச் சறுக்கவிடுவதுபோல அவ்வளவு பெரிய விமானத்தைச் சறுக்கவிட்டு இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள்.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நொறுங்கிய டிசி-10 விமானத்தைப் பற்றிப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இறக்கை, வால் பகுதிகளை அசைக்கும் ஹைட்ராலிக் மொத்தமும் போய், திருப்பவே வழியில்லை. பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் டென்னி ஃபிட்ச் காக்பிட்டுக்குள் போய், இரண்டு கைகளாலும் த்ராட்டில்களைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்ப உதவினார். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் அந்த உதவியைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இறந்தவர்களை நினைக்காமல் இந்த எண்ணை என்னால் எழுத முடியவில்லை. காக்பிட்டில் இருந்த அந்த நான்கு பேர் இல்லையென்றால் யாருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்பதுதான் என் எண்ணம்.

கடைசி நன்றி, போன மாதம் என் விமானத்தை ஓட்டிய துணை விமானிக்கு. ஓடுபாதை ஜன்னலில் தெரிந்துவிட்டது, சக்கரம் தொட வேண்டியதுதான் பாக்கி. திடீரென்று என்ஜின் உறுமியது, இருக்கை முதுகை அழுத்தியது, மறுபடி மேலே ஏறிவிட்டோம். பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இருபது நிமிடம் தாமதமாக இறங்கினோம். எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்து வாசலில் உங்களிடம் வந்தேன். "மேடம், முதல் தடவை இறங்காம போனதுக்கு ரொம்ப நன்றி" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தீர்கள். "காத்து திடீர்னு மாறிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு, "நீங்க பைலட்டா?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்காமல் இருந்தது அன்றுதான் முதல் முறை.